பின்சில்லுப் பக்கச் சத்தம்: உதிரிப்பாகம் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

காரின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால், அது என்ன மாதிரியான சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். இரைச்சல், உறுமல், முனகல் என்று நாம் எத்தனை பெயர் வைத்தாலும், ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரும் பழுதடைந்த பெயாரிங்கும் (சில்லைத் தடையின்றிச் சுழலவிடும் குண்டு வளையம்) ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசுகின்றன. வேகம், பாரம், திருப்பம், பிரேக், வீதியின் மேற்பரப்பு ஆகியவை மாறும்போது அந்தச் சத்தமும் எப்படி மாறுகிறது என்பதே அவற்றைப் பிரித்துக் காட்டும். முதல் வாகனத்தை அண்மையில் வாங்கியவர்களுக்காகவும், கருவிகளை இதுவரை கையில் எடுத்திராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கார், 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் பின்பக்கத்தில் இரையத் தொடங்கியது. ஒருமுறை ஓட்டிப் பார்த்த கராஜ்காரர் இடப்பக்கப் பெயாரிங் என்றார். மாற்றினோம், சத்தம் குறையவில்லை. அப்படியானால் வலப்பக்கம்தான் என்றார். அதையும் மாற்றினோம், அப்போதும் குறையவில்லை. பிறகு ஒருநாள் மாலை, முற்றத்தில் நின்ற காரின் பின் டயரைக் கையால் தடவியபோதுதான், அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டைகள் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் மரம் அரியும் வாளின் பற்களைப்போலவும் இருப்பதை உணர்ந்தேன். இரண்டு பெயாரிங்குகளின் விலையையும் கூலியையும் ஒரு நிமிடத் தடவல் மிச்சப்படுத்தியிருக்கும். வாடகைக்கு ஓடும் வானை நம்பி வாழும் குடும்பங்கள் கிழக்கிலங்கையில் எங்கள் பகுதியில் எத்தனையோ இருக்க, இத்தகைய வீண்செலவு எவருக்கும் நேரக்கூடாது என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன்.

எந்தச் சில்லுகள் வாகனத்தை இயக்குகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் அன்றாடம் காணும் அல்டோ, வாகன் ஆர், விட்ஸ், அக்சியோ, அக்வா போன்ற சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை. அவற்றின் பின்பக்கத்தில், எஞ்சினின் விசையை இரு பின்சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலும் இல்லை, விசையை அதுவரை கொண்டுபோகும் நீளமான புரொப்பலர் சாஃப்டும் இல்லை. பின்சில்லுகள் வெறுமனே உருண்டு வருகின்றன. ஆகவே அத்தகைய காரின் பின்பக்கச் சத்தத்துக்கு டயர், பெயாரிங், பிரேக், சொக் அப்சோபரும் அதைச் சார்ந்த ரப்பர் புஷ்களும், புகைக்குழாய் ஆகியவற்றுக்குள்தான் காரணத்தைத் தேட வேண்டும். முன்சில்லு இழுக்கும் காருக்கு யாராவது பின் டிஃபரன்ஷல் பழுது என்று சொன்னால், அவர் வாகனத்தின் கீழே குனிந்து பார்க்கவில்லை என்பதே பொருள்.

ஹயஸ் வான், சுசுகி எவ்ரி, டாடா ஏஸ் எனப்படும் டிமோ பட்டா, ஹைலக்ஸ் போன்றவற்றில் நிலைமை வேறு. எஞ்சினின் விசை புரொப்பலர் சாஃப்ட் வழியாகப் பின்னே போய், டிஃபரன்ஷலில் திசை மாறி, இரு அச்சுத்தண்டுகள் வழியாகப் பின்சில்லுகளை அடைகிறது. அந்தப் பாதையிலுள்ள ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு பற்சில்லும் சத்தம் போடக்கூடியவை. டாடா நானோவில் எஞ்சினே பின்னால் இருப்பதால், பின்பக்கச் சத்தம் என்பதற்கே அங்கு அர்த்தம் மாறிவிடும். நான்கு சில்லுகளும் இயங்கும் வகையில் வந்த வாகன் ஆர், வெசல் போன்ற கார்களும் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து முடிவெடுக்காமல், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னிருந்து பின்னுக்கு நடுவே ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

முதலாவது, சில்லு நட்கள். பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ தொடங்கிய "டக் டக்" சத்தத்துக்கு நட் தளர்வே காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டக்கூடாது. நான்கு அல்லது ஐந்து நட்களையும் எதிரெதிர் வரிசையில் இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீற்றர் வரையான இறுக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் வாகனத்தின் சரியான அளவைக் கைநூலில் பார்த்துக்கொள்ளலாம். நட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, நட்டைச் சுற்றித் துருத்தூள் வழிந்திருந்தாலோ, அந்தச் சில்லு சிலகாலமாகவே தளர்ந்து ஓடியிருக்கிறது.

அடுத்து டயர். காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, கட்டைகளுக்கிடையே கல்லோ ஆணியோ சிக்கியிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். ஒரு சிறு சரளைக்கல்கூடத் தார் வீதியில் சுற்றுக்கொருமுறை தட்டும். பின்னர் உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பை முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் மெதுவாகத் தடவுங்கள். கம்பி வெளியே தெரிந்தால் கை வைக்க வேண்டாம். ஒரு திசையில் மட்டும் பல் பல்லாகத் தட்டுப்பட்டாலோ, சில இடங்களில் பள்ளமும் சில இடங்களில் மேடுமாக இருந்தாலோ, இரைச்சலுக்கான முதல் சந்தேகம் டயரின் மீதே விழ வேண்டும். முன்சில்லு இழுக்கும் கார்களில் பின் டயர்கள் பாரம் குறைந்து, இழுவையின்றி உருள்வதால், முன்னும் பின்னும் இடம் மாற்றாமல் நீண்டகாலம் ஓடினால் இப்படித் தேய்வது வழமை. உழவு இயந்திரம் தார் வீதியில் போகும்போது எழும் "ங்ங்ங்" என்ற ஒலி அதன் பெரிய கட்டைகள் தரையில் அறைவதால் வருவது. பல் விழுந்த கார் டயரும் அதையே சிறிய அளவில் செய்கிறது.

மூன்றாவதாக, பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். மேலதிகச் சில்லு, ஜக், தண்ணீர்ப் போத்தல், பின்னிருக்கைப் பட்டியின் கொக்கி என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டோ கட்டிவிட்டோதான் சோதனை ஓட்டத்துக்குப் போக வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயைக் கையால் அசைத்துப் பார்த்து, அது தொங்கும் ரப்பர் வளையங்கள் அறுந்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

சோதனை ஓட்டம்

இதற்கு அமைதியான, நேரான, போக்குவரத்துக் குறைந்த வீதி வேண்டும். மட்டக்களப்பு – கல்முனை வீதியில் பகல் வேளையில் இது முடியாத காரியம். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாக அம்பாறைக்குப் போகும் வீதியின் வயல்வெளிப் பகுதியோ, வாழைச்சேனைக்கு அப்பால் திருகோணமலை நோக்கிப் போகும் ஏ15 வீதியின் ஆளரவமற்ற பகுதியோ காலை நேரத்தில் பொருத்தமாக இருக்கும். அந்தி வேளையைத் தவிர்க்கவும். மாடுகள் வீதிக்கு வந்துவிடும், உங்கள் கவனமோ காதில் இருக்கும். இலங்கையில் குடியிருப்புப் பகுதிக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இங்கே சொல்லப்படும் எந்தச் சோதனைக்கும் 60 போதுமானது.

தனியே போக வேண்டாம். ஓட்டுபவர் வீதியைப் பார்க்கட்டும். காது கொடுப்பவர் பின்னிருக்கையில் இருக்கட்டும். காரின் உடல் ஒரு தகரப்பெட்டி என்பதால் பின்சில்லின் சத்தம் முன்னே கேட்பதும், முன்சில்லின் சத்தம் பின்னே கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. கூட வருபவர் பின்னிருக்கையில் இடப்பக்கம் சிறிது நேரமும் வலப்பக்கம் சிறிது நேரமும் அமர்ந்து கேட்டு, கைபேசியில் வேகத்தைச் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்தால் பிறகு மிகவும் உதவும். வானொலியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் கண்டறிய வேண்டியது, சத்தம் எஞ்சினைச் சார்ந்ததா, சில்லைச் சார்ந்ததா என்பது. சத்தம் கேட்கும் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுகளில் ஓடுகிறது என்று மானியில் குறித்துக்கொண்டு, வாகனத்தை நிறுத்திவிட்டு, அதே சுற்று வரும்வரை அக்சிலரேட்டரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நின்ற நிலையிலும் அதே சத்தம் வந்தால் காரணம் எஞ்சின், புகைக்குழாய் அல்லது அவற்றோடு தொங்கும் ஏதோ ஒன்று. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. மனுவல் கியர் வாகனமாயின், 60இல் போகும்போது கிளச்சை முழுதாக மிதித்து உருளவிட்டுக் கேட்கலாம். எஞ்சின் சுற்றுக் குறைந்த பின்பும் சத்தம் மாறாமல் தொடர்ந்தால் அது சில்லோடு சுற்றும் பாகத்திலிருந்து வருகிறது. எக்காரணம் கொண்டும் ஓடும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். பிரேக்குக்குத் துணைசெய்யும் விசை இல்லாமற்போகும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை, வீதியின் மேற்பரப்பு. கிழக்கில் இதற்குக் குறைவே இல்லை. வழவழப்பான காபட் வீதி, கரடுமுரடான பழைய தார் வீதி, கிராமத்துக் கொங்கிரீட் வீதி என்று ஒரே பயணத்தில் மூன்றையும் சந்திக்கலாம். ஒரே வேகத்தில் இவற்றைக் கடக்கும்போது இரைச்சலின் தன்மை தெளிவாக மாறினால் அது டயர். காபட்டிலும் கொங்கிரீட்டிலும் ஒரே மாதிரியாக, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முன் டயர்களையும் பின் டயர்களையும் அதே பக்கத்துக்குள் இடம் மாற்றி, அதே வீதியில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் முன்னுக்கு வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது, செலவும் இல்லை. பெயாரிங் மாற்றச் சொன்ன எவரிடமும் இந்த ஒரு சோதனையை முதலில் செய்யும்படி கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, திருப்பம். வாகனம் வலப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் இடப்பக்கச் சில்லுகளின் மீது சாயும். பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பழுதடைந்த பெயாரிங் மீது பாரம் ஏறும்போது அதன் உறுமல் கூடும், பாரம் இறங்கும்போது குறையும். ஆகவே, நீண்ட வலது வளைவில் சத்தம் கூடி இடது வளைவில் அடங்கினால் இடப்பக்கத்தையும், மாறாக நடந்தால் வலப்பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். 40 கிலோமீற்றர் வேகத்தில் இயல்பான வளைவுகளிலேயே இது தெரிந்துவிடும். வீதியில் பாம்புபோல் வளைத்து ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பெயாரிங்குகளில் உள்வரிசை மட்டும் பழுதடைந்திருந்தால் இந்த விதி தலைகீழாகக் காட்டுவதும் உண்டு.

மெதுவாகப் போகும்போது வரும் தட்டல்களை எண்ணிப் பார்ப்பது, பலர் செய்யத் தவறும் ஒரு நல்ல சோதனை. 13 அங்குலச் சில்லுள்ள சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீற்றர் தூரம் போகும். அதாவது மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடிக்கு மூன்று சுற்று. அந்த வேகத்தில் இரண்டு விநாடிக்கு மூன்று தட்டல் கேட்டால், சில்லோடு சேர்ந்து சுற்றும் டயர், நட், ட்ரம் (பின் பிரேக்கின் வட்டக் கூடு), அச்சுத்தண்டு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். புரொப்பலர் சாஃப்டோ, பொதுவாகச் சில்லைப்போல நான்கு மடங்கு அளவில் வேகமாகச் சுற்றுகிறது. அதன் தட்டல் அதே வேகத்தில் விநாடிக்கு ஆறு அளவில், எண்ணுவதற்கு முன்பே ஒன்றோடொன்று கலந்துவிடும். நீண்ட மதிலொன்றை ஒட்டிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால், சத்தம் மதிலில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கம் என்பதும் ஓரளவு தெரியும்.

பின்சில்லை உயர்த்திப் பார்த்தல்

கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரமாக இருக்கும் நம்மில் பலருடைய முற்றம் மணல். மணலில் ஜக் புதையும், சரியும், வாகனம் விழும். கொங்கிரீட் தரையிலோ, வேறு வழியில்லையானால் தடித்த அகலமான பலகையின் மீதோதான் ஜக்கை வைக்க வேண்டும். ஜக் உயர்த்துவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். செங்கலும் சீமெந்துக் கல்லும் திடீரென நொறுங்கக்கூடியவை என்பதால் அவற்றை நம்பக்கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தப் பகுதியைக் கராஜில் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். ஒருபோதும் ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழே தலையையோ கையையோ நுழைக்காதீர்கள்.

முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சில்லு இழுக்கும் காராயின் முதல் கியரில் அல்லது ஓட்டோ கியரின் "பி"யில் விட்டால் முன்சில்லுகள் பூட்டிக்கொள்ளும். பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கலாம். பின்சில்லு இயங்கும் வானில் இப்படி நம்ப முடியாது. ஒரு பின்சில்லைத் தரையிலிருந்து உயர்த்தியதும், கியரில் விட்டிருந்தாலும்கூட, டிஃபரன்ஷல் உயர்ந்த சில்லை ஒரு திசையிலும் தரையிலுள்ள சில்லை மறு திசையிலும் உருளவிடும். வாகனம் நகர்ந்து ஜக்கிலிருந்து விழுந்துவிடலாம். அங்கே முன்சில்லின் கட்டைகள் மட்டுமே பாதுகாப்பு.

உயர்த்திய சில்லின் மேல் விளிம்பை ஒரு கையாலும் கீழ் விளிம்பை மறுகையாலும் பிடித்து, மாறி மாறித் தள்ளி இழுங்கள். "டுக்" என்று ஆட்டம் தெரிந்தால், ஸ்டாண்டில் உறுதியாக நிற்கும் வாகனத்தில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மீண்டும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் அது பெயாரிங்கில் இருந்தது; மறையாவிட்டால் ரப்பர் புஷ்களில் இருக்கிறது. அடுத்ததாக, சில்லை ஒரு கையால் சுழற்றியபடி, மறுகையின் விரல் நுனிகளை அந்தச் சில்லின் சுருள் ஸ்பிரிங்கின் மீது மெதுவாக வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பையும் ஸ்பிரிங் விரலுக்குச் சொல்லிவிடும். இடமும் வலமும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே அளவுகோல். ஆட்டம் சிறிதும் இல்லாமலே பெயாரிங் இரையலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இன்றைய மூடிய பெயாரிங்குகள் பெரும்பாலும் ஆடத் தொடங்குமுன்னரே சத்தம் போடத் தொடங்கிவிடுகின்றன.

பின்சில்லு இயங்கும் வாகனங்களுக்கு மட்டும்

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, விசை கொடுக்கும்போதும் விசையை விடும்போதும் சத்தம் மாறுகிறதா என்பது. 50 அல்லது 60 கிலோமீற்றர் வேகத்தில் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது "ஊ" என்று ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றாலோ, காலை எடுத்தால் மட்டும் ஊளையிட்டாலோ, டிஃபரன்ஷலின் பற்சில்லுகள் தேய்ந்திருக்கலாம் அல்லது பொருத்தம் தவறியிருக்கலாம். பற்சில்லின் பல்லுக்கு இரு முகங்கள் உண்டு. விசை கொடுக்கும்போது ஒரு முகமும் விடும்போது மறுமுகமும் தொடுவதால்தான் இந்த வேறுபாடு. சில்லுப் பெயாரிங்கின் உறுமலில் இப்படியொரு தெளிவான மாற்றம் இராது.

டிஃபரன்ஷலைக் குற்றம் சாட்டுமுன் அதன் ஒயிலைப் பாருங்கள். சமதரையில், வாகனம் ஆறிய பின், ஒயில் ஊற்றும் துளையின் அடைப்பைக் கழற்றினால், ஒயில் துளையின் கீழ்விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். மாற்றுவதானால் முதலில் ஊற்றும் அடைப்பைக் கழற்றிய பின்னரே வடிக்கும் அடைப்பைக் கழற்ற வேண்டும். மேலே கழற்ற முடியாமல் இறுகிப்போயிருக்க, கீழே முழுவதையும் வடித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. வடிக்கும் அடைப்பின் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் எடுக்கக்கூடிய இரும்புத் துணுக்குகள் இருந்தால் உள்ளே பல் அல்லது பெயாரிங் உடைகிறது. இத்தகைய வாகனங்கள் பலவற்றுக்கு ஜிஎல்-5 தரத்திலான 80டபிள்யூ-90 ஒயில் குறிப்பிடப்பட்டிருக்கும். வழுக்கல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷலாயின் அதற்கென்றே உள்ள ஒயில் வேண்டும்.

ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரையான மாரி மழையில் வெள்ளம் மேவும் வீதிகளைக் கடந்து ஓடும் எங்கள் வான்களுக்கு இது உண்மையான ஆபத்து. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷல் திடீரென வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, காற்றுப் போய்வரும் சுவாசக்குழாய் வழியாகவோ, ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால், அச்சின் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் ஓடியிருந்தால், சத்தம் வரும்வரை காத்திராமல், அந்த வாரத்திலேயே ஒயிலைப் பார்த்துவிட வேண்டும். ஒரு போத்தல் ஒயிலின் விலை எங்கே, டிஃபரன்ஷலின் விலை எங்கே!

புரொப்பலர் சாஃப்டைக் கோணம் மாறியும் சுற்றவிடும் மூட்டான யூ ஜொயின்ட் தேயும்போது மூன்று அடையாளங்கள் தெரியும். மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோல் சுற்றுக்கொருமுறை கீச்சிடும். முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும்போது "டங்" என்று ஓர் அடி விழும். வேகம் கூடும்போது தரைவழியாக அதிர்வு ஏறும். சேர்விஸ் நிலையத்தில் வாகனத்தை உயர்த்தியிருக்கும்போது, எஞ்சின் அணைந்த நிலையில், மூட்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஒருபக்கம் அசைய மறுபக்கம் அசையாவிட்டால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் இருந்தால் கிறீஸ் எப்போதோ வற்றிப்போய்விட்டது. நீண்ட உடலுடைய வான்களில் சாஃப்ட் இரண்டு துண்டாக இருப்பதால், நடுவே ரப்பரில் தாங்கிய ஒரு பெயாரிங் இருக்கும்; அந்த ரப்பர் கிழிந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது தரைக்கடியில் கடகடவென்று அதிரும். "டங்" என்ற அடி ஒவ்வொன்றும் யூ ஜொயின்ட் அல்ல. வில்லுத்தகட்டின் புஷ், எஞ்சின் தாங்கி, டிஃபரன்ஷலின் உட்சில்லுகள் எல்லாம் இதே அடியைத் தரக்கூடியவை என்பதால் திருகிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பிரேக், மணல், உப்புக்காற்று

பிரேக்கை மிதித்ததும் தொடங்கி விட்டதும் நிற்கும் சத்தத்துக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ட்ரமைக் கழற்றி, அதன் உட்புறத்தில் உரசும் லைனரின் தடிப்பைப் பார்க்க வேண்டும், இரும்போடு இரும்பு அரைக்கும் ஒலியாயின் அன்றே பார்க்க வேண்டும். ஆனால் கடற்கரையோரம் இரவெல்லாம் நின்ற காரின் பின்சில்லு காலையில் முதல் சில பிரேக்குகளுக்குக் கரகரப்பது, ட்ரமின் உள்ளே படிந்த மெல்லிய துரு உரிவதால் மட்டுமே. மழையில் நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டுச் சில நாட்கள் விட்டுவைத்தால் லைனர் ட்ரமோடு ஒட்டிக்கொண்டு, நகர்த்தும்போது "டப்" என்று விடுபடும். அப்படி நிறுத்தும்போது சமதரையில் கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைப்பது நல்லது.

வவுணதீவு, கொக்கட்டிச்சோலை என்று படுவான்கரைக் கிரவல் வீதிகளில் ஓடிவிட்டு வந்ததும் தகரம் கீறுவதுபோல் தொடர்ச்சியான சத்தம் வந்தால், டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் பெரும்பாலும் டிஸ்க்குக்கும் அதன் தூசித்தகட்டுக்கும் இடையே ஒரு சிறு கல் சிக்கியிருக்கும். சில மீற்றர் தூரம் மெதுவாகப் பின்னே எடுத்தால் விழுந்துவிடுவதும் உண்டு.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சில்லின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது அல்லது பெயாரிங் எரிகிறது. கருகிய வாடை, புகை, பிரேக் பெடல் இறங்குதல், நிமிடத்துக்கு நிமிடம் கூடும் அதிர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, வாகனத்தை ஏற்றிக்கொண்டுதான் கராஜுக்குப் போக வேண்டும்.

பழுதே அல்லாத சத்தங்களும் சில உண்டு. மனுவல் கியர் கார்கள் பல பின்னே எடுக்கும்போது முனகுவதும், அக்வா போன்ற ஹைபிரிட் கார்கள் பிரேக் மிதிக்கும்போது மெல்லிய மின் ஒலி எழுப்புவதும் இயல்பானவை.

கராஜில் சொல்ல வேண்டியது

"பெயாரிங் போயிற்று" என்று நீங்களே முடிவைச் சொன்னால் பெயாரிங்தான் மாற்றப்படும். நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணன், அறுபதுல போகக்குள்ள பின்னுக்கு இரையுது. வலப்பக்கம் வளைச்சாக் கூடுது. கிளச்ச மிதிச்சாலும் நிக்குதில்ல. டயர் மாத்திப் பாத்துட்டன், சத்தம் மாறல்ல." இவ்வளவும் சொன்னால், நல்ல வேலைக்காரர் எவரும் நேராக இடப்பின் சில்லுக்குத்தான் போவார். அவரையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னிருக்கையில் இருங்கள்.

பாகம் வாங்குவதானால் கழற்றிய பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் பொறித்துள்ள இலக்கத்தை வைத்தே வாங்குங்கள். என்எஸ்கே, என்டிஎன், கோயோ போன்ற பெயர்களில் போலிகளும் உலாவுவதால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சில்லுப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள கார்களில் சில பெயாரிங்குகளின் ஒரு முகத்தில் காந்தப்பட்டை இருக்கும். அதைத் தலைகீழாக அடித்துவிட்டால் சத்தம் போய் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கும். பெயாரிங்கை அழுத்தும் இயந்திரத்தால் ஏற்றுகிறார்களா, சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்களா என்பதையும் நின்று பாருங்கள். சுத்தியல் அடி உட்குண்டுகளின் பாதையில் தழும்பு விழுத்தி, புதிய பெயாரிங்கையே சில மாதங்களில் இரைய வைக்கும்.

வேலை முடிந்ததும், பணம் கொடுக்குமுன், முதலில் சோதித்த அதே வீதியில், அதே வேகத்தில், அதே ஆளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்பு கைபேசியில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கழற்றிப் பூட்டிய சில்லின் நட்களை 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் ஒருதடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.